கருணாபுரத்துக்கு மட்டும் அடிக்காத மணி

டிசம்பர் 1, திங்கள்

புதிய ஏற்பாடு ஓடத் தொடங்கி இரண்டாவது வாரம். இன்று எல்லா அழைப்புகளும் பிசகில்லாமல் போயின. இதை எழுதும்போதே ஒரு பயம். எல்லாம் சரியாகப் போகிறது என்றால் எதையோ நான் பார்க்கத் தவறுகிறேன் என்றுதான் அர்த்தம். சென்னை வேலை கற்றுக்கொடுத்த புத்தி.

வேலை என்னவோ எளிதுதான். சர்க்கரை ஆலை ஒரு கரும்புக் கொல்லைக்கு வெட்டு உத்தரவு கொடுத்ததும், கரும்பு வெட்டும் கூலி ஆட்களின் செட்டுகளில் எது போகிறது என்று எங்கள் விவசாயிகள் சங்கம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கேட்பது இயந்திரம். ஒவ்வொரு செட்டு மேஸ்திரியையும் முறைப்படி போனில் கூப்பிடும். பதிந்து வைத்த என் குரல் ஊர் பெயரைச் சொல்லும். வருவதென்றால் ஒன்றை அழுத்த வேண்டும். எடுக்காதவர்களை மறுபடி ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போய்விடும்.

முன்பு இதற்கு ஒரு கம்பெனியின் பெட்டி இருந்தது. அவர்கள் பெட்டி, அவர்கள் கார்டு, அவர்கள் மென்பொருள். குரலில் ஒரு வார்த்தை மாற்றவும் அவர்கள் ஆள் இளவரசன் வந்தால்தான் உண்டு. அதைத் தூக்கிவிட்டுத் திறந்த மென்பொருள் ஒன்றை வைத்திருக்கிறேன். போன் லைனுக்கும் நம் நிரலுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டுக்கும் பேச்சு நடத்தித் தரும். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, எந்தக் கம்பெனிப் பெட்டியை மாட்டினாலும் வேலை செய்யும். உள்ளே இருப்பதை யாரும் திறந்து படிக்கலாம்.

சங்கத் தலைவர் சின்னதுரை, இதை வைத்த அன்றைக்கே கேட்டார், “யார் வேணா படிக்கலாம்னா, யார் வேணா கெடுக்கலாமேம்மா?”

அப்படி இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். இன்று மாலை இளவரசன் தன் பழைய பெட்டியை எடுத்துப்போக வந்தான். பெட்டி மேசை மேல்தான் இருந்தது. அவன் ஏன் அலமாரிக்குப் பின்னால் போய் அவ்வளவு நேரம் குனிந்து நின்றான்?


டிசம்பர் 4, வியாழன்

மழை. இளவரசன் மறுபடி வந்தான். “ஒரு சின்ன வேல பாக்கி இருந்துச்சி மேடம்” என்றான். பெட்டி போன பிறகு என்ன வேலை? நான் டீ வாங்க வெளியே போன நேரம் பார்த்துதான் வந்திருக்கிறான்.


டிசம்பர் 9, செவ்வாய்

கருணாபுரத்திலிருந்து கொளஞ்சியம்மாள் வந்தார். ஒரு செட்டுக்கு மேஸ்திரி. புருஷன் போன பிறகு செட்டைத் தானே நடத்துகிறவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி நேராக என் மேசைக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, எங்க தெரு ஆளுக்கு மட்டும் போன் வர்றதே இல்ல. இன்னா விஷயம்?”

திரையைத் திருப்பிக் காட்டினேன். நேற்றும் முந்தாநாளும் கூப்பிட்டிருக்கிறது. மணி அடித்திருக்கிறது. எடுக்கவில்லை.

“மணி அடிச்சிருக்குக்கா. நீங்கதான் எடுக்கல.”

“அடிச்சா எடுக்க மாட்டனா? வேலைக்குத்தானே காத்துக்கினு கெடக்கறேன்?”

“இதுல அப்படித்தான் இருக்குக்கா.”

“பொட்டி சொன்னா நெசம். நான் சொன்னா பொய். அப்படித்தானே?”

போனைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். அவர் கை சட்டென்று இடுப்புப் பைக்குப் போனது. “ஷாலினி சொல்லிக்கீது, போன யார் கையிலும் குடுக்காதன்னு.” ஷாலினி அவர் மகள், துணிக்கடையில் வேலை. யாரோ வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இவரை ஒருமுறை ஏமாற்றியிருக்கிறார்களாம். அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை.

போகும்போது சொன்னார், “பழைய பொட்டியில வந்துச்சி. நீ வந்தப்பறம்தான் நின்னுபோச்சி.”


டிசம்பர் 10, புதன்

எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். கருணாபுரத்து மேஸ்திரிகள் ஒருவர்கூட எடுக்கவில்லை. மற்ற ஊர் மேஸ்திரிகள் எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். இது தற்செயல் இல்லை. ஒரு தெருவே சேர்ந்து போனை எடுக்காமல் இருக்குமா?

இயந்திரத்திலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன். உடனே மணி. அப்பா போனுக்கு அடித்தேன். அதுவும்தான்.

தலைவரிடம் சொன்னேன். “வராதவங்கள வுட்டுட்டு வர்றவங்கள வெச்சி ஓட்டும்மா” என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. இவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்?


டிசம்பர் 13, சனி

சாப்பிடும்போது அப்பா கேட்டார், “அந்தக் கம்பெனிக்காரன் இன்னும் வந்து போய்க்கினு இருக்கானாமே?” அப்பாவுக்கும் சங்கத்தில் கரும்பு இருக்கிறது, வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறார்.

“ரெண்டு தடவ வந்தாம்பா.”

“அவன் பொழப்ப நீ எடுத்துட்ட பாப்பா. சும்மாவா இருப்பான்?”

நான் நினைத்ததையே அப்பா வாயால் கேட்டதும் அது உண்மை ஆகிவிட்டது போல இருந்தது. என்னுடையது கெட்டால் அவன் பெட்டி திரும்ப வரும். வேறு யாருக்கு லாபம்? தலித் மக்கள் தெருவான கருணாபுரத்து எண்களை மட்டும் தடுத்தால் சந்தேகம் சாதியின் மேல் போகும், சங்கத்தின் மேல் போகும், அவன் மேல் போகாது. கெட்டிக்காரன்.

மென்பொருளை மறுபடி வரி வரியாகப் படித்தேன். எதுவும் மாறவில்லை. மாறவில்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.


டிசம்பர் 18, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நிர்வாகக் குழு உட்கார்ந்திருந்தபோது தலைவர் இளவரசனை வரச் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்து, “நீயே சொல்லும்மா” என்றார். சொன்னேன். பெட்டியை எடுத்த பிறகும் வந்தது, அலமாரிக்குப் பின்னால் நின்றது, கருணாபுரத்து அழைப்புகள் போகாதது எல்லாவற்றையும்.

முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

“நான் கெடுத்தேன்றீங்களா மேடம்?”

“வேற யாரு இருக்கா?”

“எங்க பொட்டியத் தூக்கினப்போ நான் ஒரு வார்த்த பேசினனா? நல்லா பண்ணுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

தலைவர் அவன் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டார். இனி இந்த ஆள் எங்கள் பக்கம் வரக்கூடாது என்றார். இளவரசன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும்தான்.

பூட்டை மாற்றியாயிற்று. கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டேன். இனி தெரிந்துவிடும்.


டிசம்பர் 22, திங்கள்

இன்றும் கருணாபுரத்தில் ஒருவரும் எடுக்கவில்லை.


டிசம்பர் 23, செவ்வாய்

அவன் இல்லை என்றால் யார்? தலைவரா? இளவரசன் உள்ளே வைத்துவிட்டுப் போன ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறதா? இல்லை, கொளஞ்சியம்மாள் சொல்வதுதான் பொய்யா — சரி, அவர் பொய் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம், எதற்கு? வேலை வேண்டாம் என்று பொய் சொல்வார்களா? யோசிக்க யோசிக்கத் தலை வலிக்குது. போதும்.


டிசம்பர் 26, வெள்ளி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

அப்பாவின் கொல்லைக்கு வெட்டு உத்தரவு வந்தது. இயந்திரம் கூப்பிட்டதில் சின்னசேலம் பக்கத்துச் செட்டு சம்மதம் சொல்லி, காலையிலேயே வந்து இறங்கியது. கால் பங்கு வெட்டிச் சாய்த்திருப்பார்கள். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸிலிருந்து கருணாபுரத்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஆணும் பெண்ணும். டிராக்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்பா கத்தினார். “வெட்டிப் போட்டது வெயில்ல கெடந்தா எடை எறங்கிடும். என் வயித்துல ஏன் அடிக்கிறீங்க?”

“ஒரு மாசமா எங்க வயித்துல அடிச்சது யாரு?” என்று யாரோ திருப்பிக் கேட்டார்கள். வரப்பு மேல் நின்ற பக்கத்துக் கொல்லைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அரிவாள் இருக்கிற இடம். எனக்கு உயிரே போய்விட்டது.

கொளஞ்சியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

“அதுல பேசறது உன் கொரலாமே? எல்லா ஊர்க்காரனும் சொல்றான். உன் கொரல்கூட எங்களுக்கு ஆகாதா?”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “இப்பவே கூப்பிடறேன், இங்கேயே, எல்லாரும் பாருங்க” என்று கத்தினேன். என் போனிலிருந்தே அலுவலக இயந்திரத்துக்குக் கட்டளை போட்டேன். கொளஞ்சியம்மாள் எண். திரையில் ‘மணி அடிக்கிறது’ என்று வந்தது.

கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை.

“பாத்தியா?” என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை, கொஞ்சம் தள்ளியே பிடித்துக் காட்டினார். சத்தமில்லாமல் திரை மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலக எண். அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. சந்தேகத்துக்குரிய அழைப்பு.

நான் படித்துச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. எனக்கும்தான்.

மற்றவர்களும் போனை எடுத்தார்கள். ஒவ்வொன்றாக அடித்தேன். எல்லாவற்றிலும் அதே சிவப்பு. அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே நெட்வொர்க், தெருமுனையில் குடை போட்டு விற்றவனிடம் வாங்கிய சிம். ஒரே எண்ணிலிருந்து காலையில் மளமளவென்று பலருக்குப் போன் போகிறது, பேசி முடிப்பதற்குள் வைக்கிறார்கள். கடன் வேண்டுமா என்று தொல்லை செய்கிறவர்களும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த நெட்வொர்க் எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து, மணி அடிக்காமலே அமுக்கிவிட்டிருக்கிறது. அப்பாவுக்கும் எனக்கும் வேறு நெட்வொர்க்.

பழைய பெட்டியில் வந்துகொண்டிருந்தது சங்கத்தின் பழைய தரைவழி எண். கம்மி விலை என்று புது எண்ணை வாங்கி மாட்டியது நான்.

சின்னசேலத்துச் செட்டு கரும்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தது. கொளஞ்சியம்மாள் அவர்களைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார், “வந்த ஆளத் திருப்பி அனுப்பாதீங்க. அவங்களும் கூலிக்குத்தான் வந்துக்கிறாங்க. பாதி அவங்க வெட்டட்டும், பாதி நாங்க.”

அப்பா தலையாட்டினார்.


டிசம்பர் 27, சனி

“அப்ப யாரும் கெடுக்கலியா?” என்று அப்பா கேட்டார். ஏமாந்தவர் போலக் கேட்டார். எனக்கும் அந்த ஏமாற்றம் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஒரு ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவு சுலபம்.

யாரும் கெடுக்கவில்லை. ஆனால் ஒரு தெருவுக்கே வேலை இல்லாமல் போயிற்று, எங்களில் ஒருவருக்கும் அங்கே நேரில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அழைப்பு வந்தது என்று இயந்திரம் சொன்னது, நாங்கள் நம்பினோம். மனுஷி சொன்னாள், நம்பவில்லை.

புது எண் வாங்கினாலும் கொஞ்ச நாளில் இதே கதிதான். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பழைய எண்தான் வேண்டும். தரைவழி லைன் இன்னும் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. அதைக் கணினியோடு சேர்க்க ஒரு பெட்டி வேண்டும். புதிதாக ஆர்டர் போட்டால் பொங்கல் கழித்துத்தான் வரும். அதுவரை?

உள்ளூரில் அந்த மாதிரிப் பெட்டி ஒருவரிடம்தான் இருக்கிறது.


டிசம்பர் 29, திங்கள்

வெள்ளிமலைக்குப் போய் வந்தேன். டவுன் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இளவரசனைக் கல்வராயன் மலை வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். காரணம் நான். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மேலே நல்ல குளிர், பனி.

இளவரசன் ஒரு தங்கும் விடுதியில் இண்டர்காம் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையிலிருந்த ஒயரைக் கீழே வைக்கவில்லை.

“இன்னா மேடம், மலையில இன்னா கெட்டுப்போச்சி? அதுவும் நான்தானா?”

நடந்ததைச் சொன்னேன். ஒயரின் தோலை உரித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப நான் இல்லன்னு தெரிஞ்சிபோச்சி. அத்த சொல்ல வந்தீங்களா, பொட்டி கேக்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான்.”

“எதுக்கு மொதல்ல பஸ் ஏறினீங்க?”

“பெட்டிக்குத்தான்” என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து முடியவில்லை.

ஒயரை முறுக்கி முடித்துவிட்டு அவரே கேட்டார், “எங்க பொட்டி உங்க சாப்ட்வேர்ல ஓடுமா?”

“ஓடும். எந்தக் கம்பெனிப் பெட்டியும் ஓடும். அதுக்குத்தான் அதை வெச்சேன்.”

“எங்க கம்பெனிதும்?”

“உங்களுதும்.”

அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார். அப்புறம் முகம் மாறியது. “அன்னிக்கி எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கறப்போ சொன்னீங்க மேடம். என் பொண்டாட்டி வரைக்கும் சேதி போயிடுச்சி. இன்னா திருடினன்னு கேக்கறா. அதே மாரி எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கறப்போ இல்லன்னு சொல்லுங்க. அப்பால பொட்டியப் பத்திப் பேசலாம்.”


ஜனவரி 2, வெள்ளி

குழு கூடியது. தலைவர், “வுடும்மா, அதான் சரியாப்போச்சே, எதுக்குக் கிளறிக்கினு?” என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன். இளவரசன் ஒன்றும் செய்யவில்லை, நான் விசாரிக்காமல் பேசினேன், அவருக்கு வேலை மாறியது என்னால்தான். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கம்பெனிக்கு நானும் சொல்லிடறேன் தம்பி” என்றார். கதவருகே அட்டைப்பெட்டியோடு நின்றிருந்த இளவரசனை உட்காரச் சொன்னார்.

பிறகு அலமாரிக்குப் பின்னால் போனோம். நான் அங்கே குனிந்து பார்த்ததே இல்லை, எட்ட நின்று சந்தேகப்பட்டதோடு சரி. பழைய லைன்களின் முனைகள் ஒவ்வொன்றும் டேப் சுற்றி, எந்த லைன் என்று பேனாவில் எழுதி, சுவரோரம் ஆணியில் தூக்கிக் கட்டியிருந்தன.

“எலி கடிச்சா லைன் செத்துடும் மேடம். அன்னிக்கி டேப்பு பத்தல. அதான் மறுபடி வந்தேன்.”

அன்று இந்த நோட்டில் எழுதிய வார்த்தைகளை அடிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

பெட்டியை மாட்டினோம். நிரலில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று நடுவில் இருக்கும் மென்பொருளுக்குச் சொன்னதோடு சரி. ஏற்றுக்கொண்டது. தன் கம்பெனிப் பெட்டி தன் கம்பெனி இல்லாமலே பேசுவதை இளவரசன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்த நானும் படிக்கலாமா?”

“யார் வேணா படிக்கலாம்.”


ஜனவரி 5, திங்கள்

கருணாபுரத்தில் மணி அடித்தது. எல்லா மேஸ்திரியும் எடுத்தார்கள்.

கொளஞ்சியம்மாள் எடுத்தார், ஆனால் ஒன்றை அழுத்தவில்லை. என் குரல் ஊர் பெயரைச் சொல்லச் சொல்ல, “சரிம்மா, வரேன், எத்தினி பேரு வேணும்?” என்று அதனோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் வராததால் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். இயந்திரம் அவரை ‘சம்மதம் இல்லை’ என்று முடிவு செய்து அடுத்த செட்டுக்குப் போகப் பார்த்தது. நல்லவேளை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவரை நானே கூப்பிட்டேன்.

இப்போது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.


ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் முடிந்து வெட்டு மறுபடி வேகம் பிடித்துவிட்டது. இளவரசனுக்கு டவுன் வேலை திரும்பக் கிடைத்தது. மாலையில் இந்த வழியாகப் போனால் ஏறி வருகிறார். கேள்விகளோடு வருகிறார். சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரிவதில்லை, இரண்டு பேரும் திறந்து படிக்கிறோம்.


ஜனவரி 28, புதன்

நேற்று இளவரசன் ஒரு சின்ன மாற்றம் எழுதி அனுப்பியிருந்தார். பொத்தானை அழுத்தாமல் யாராவது பேசத் தொடங்கினால் இயந்திரம் ஒதுங்கிக்கொண்டு, அழைப்பை என் போனுக்குத் தள்ளிவிடும். அவராகவே யோசித்து, அவராகவே எழுதியது. வரி வரியாகப் படித்தேன். முடித்துவிட்டு இரண்டாம் தரமும் படித்தேன். பழக்கம் போகவில்லை. சரியாகத்தான் இருந்தது. சேர்த்துவிட்டேன்.

இன்று காலையில் அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. கொளஞ்சியம்மாள்.

“சரிம்மா, வரோம். டிராக்டரு எத்தினி மணிக்கி?”

“ஆறு மணிக்குக்கா.”

அவருக்குப் பின்னால் சேவல் கூவுவதும் யாரோ தண்ணீர் பிடிப்பதும் கேட்டன.

“யாரு பேசறது? பொட்டியா, நீயா?”

“நான்தாங்கா.”

“நெசமா?”